காட்டுக்குப் போனோம், சாமான்களுக்குக் காவல் யார்?

நம் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து வெளியே செல்லும் நாட்களில் ஒரு காட்சி தவறாமல் அமைந்துவிடுகிறது. பாய் விரிக்கப்படுகிறது. தூக்குகளும் தண்ணீர்ப் புட்டிகளும் இறக்கி வைக்கப்படுகின்றன. ஆண்களும் சிறுவர்களும் பந்தோடோ சைக்கிளோடோ கலைந்து போகிறார்கள். பாயில் எஞ்சியிருப்பவர்கள் பெண்கள். கைப்பைகளுக்கும் செருப்புகளுக்கும் உறங்கும் குழந்தைக்கும் அவர்களே காவல். போனவர்கள் பசியோடு திரும்புவார்கள். பரிமாறும் வேலை தொடங்கும். மாலையில், "இன்று உடம்புக்கு நல்ல பயிற்சி" என்று பேசிக்கொண்டு வீடு திரும்புபவர்கள் ஒரு சாரார். துலக்க வேண்டிய பாத்திரங்களைச் சுமந்துகொண்டு திரும்புபவர்கள் மற்றொரு சாரார்.

பிறரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சிங்கப்பூரில் வாழும் மூன்று குடும்பத்தார் சேர்ந்து எழுதும் கட்டுரை இது. இந்தக் குற்றத்தில் முதல் குற்றவாளிகள் நாங்களே.

முதல் முறை நடந்தது

புக்கிட் பாஞ்சாங்கை அடுத்துள்ள செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவுக்கு நாங்கள் முதன்முதலாகச் சென்றபோது மொத்தம் பதினான்கு பேர். மூத்தவர், எழுபதைக் கடந்த எங்கள் நன்னிமா. இளையவன், நான்கு வயதுச் சிறுவன். புதியவர்களுக்கு ஏற்ற சுற்றுப்பாதை அங்கே இருக்கிறது, நடக்கவும் செய்யலாம், மலைச் சைக்கிளும் ஓட்டலாம் என்று கேள்விப்பட்டுத்தான் சென்றோம். ஆனால் அந்தச் செய்தியை நாங்கள் புரிந்துகொண்ட விதமே பிழையாக இருந்தது. புதியவர்கள் என்றால் சைக்கிள் ஓட்டத்தில் புதிதாக ஆர்வம் கொண்ட ஆண்கள் என்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, முடிவு செய்துகொண்டோம்.

ஆண்கள் ஐவரும் சிறுவர்கள் மூவரும் சைக்கிள் தடத்துக்குள் நுழைந்தனர். அரை மணி நேரத்தில் வந்துவிடுவதாகச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் கழித்து, காலணிகளில் சேறும் முகத்தில் சிரிப்புமாக வந்தார்கள். அதுவரை ஆறு பேர் வாகன நிறுத்துமிடத்தின் ஓரத்தில் கொசுக்கடியில் அமர்ந்திருந்தனர்: நன்னிமா, மூன்று தாய்மார்கள், பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, அந்தச் சிறுவன்.

அந்தத் தாய்மார்களில் ஒருவருக்கு, அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான் பலதுறை மருந்தகத்தில் நீரிழிவு இருப்பது உறுதியாகியிருந்தது. உணவைக் குறையுங்கள், தினமும் அரை மணி நேரமாவது நடந்து பழகுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நடக்கச் சொல்லப்பட்டவர், நடைபாதையின் வாசலுக்குப் பக்கத்திலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவரை உட்கார வைத்தவர்கள் நாங்கள். அன்று எங்களில் எவருக்கும் அது உறைக்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் அந்தப் பெண்பிள்ளைதான் கேட்டாள்: "வாப்பா, நடக்கிறதுக்குன்னு அந்தப் பக்கம் தனி வழி இருந்துச்சே. நாங்க ஏன் போகல?" வாகனத்தில் இருந்த எவரிடமும் பதில் இல்லை.

பாதையைப் பற்றி

இந்தப் பூங்காவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனத்தின் விளிம்பில், ஏறத்தாழ 81 ஹெக்டர் பரப்பில் இது அமைந்துள்ளது. தெற்குப் பகுதி 2015இலும் வடக்குப் பகுதி 2016இலும் திறக்கப்பட்டன. முழுமையாகத் திறக்கப்பட்டபோது நாட்டின் மிகப் பெரிய இயற்கைப் பூங்காவாக அது விளங்கியது. நடப்பவர்களுக்கு 5.6 கிலோமீட்டர், மலைச் சைக்கிளோட்டிகளுக்கு 8.2 கிலோமீட்டர் எனப் பாதைகள் உள்ளன. தெற்குச் சுற்று சிறியது. வடக்குச் சுற்று நீண்டது, கடினமானது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, இருவகைப் பாதைகளும் தனித்தனியாக அமைக்கப்பட்டிருப்பதுதான். ஒரே மண்பாதையில் நடப்பவரும் சைக்கிளோட்டியும் கலந்து செல்லும் காடுகள் உலகெங்கும் உண்டு. அங்கெல்லாம் சில மரியாதைகள் கடைப்பிடிக்கப்படுகின்றன. சைக்கிளோட்டி நடப்பவருக்கு வழிவிட வேண்டும்; இறங்கி வருபவர் ஏறி வருபவருக்கு வழிவிட வேண்டும். ஆனால் சேறு படிந்த வளைவொன்றில் வேகமாக இறங்கி வரும் சைக்கிளை நினைத்த இடத்தில் நிறுத்திவிட முடியாது. அந்த வளைவில் ஒரு மூதாட்டியோ கைப்பிடியை விட்டு ஓடும் குழந்தையோ எதிர்ப்பட்டால் எந்த மரியாதையும் காப்பாற்றாது. பாதைகள் பிரிந்திருந்தால் அந்த அச்சம் இல்லை. ஆகவே நடப்பவர்கள் சைக்கிள் தடத்துக்குள் நுழையாமலும், சைக்கிளோட்டிகள் நடைபாதைக்குள் நுழையாமலும் இருப்பது இங்கே வெறும் ஒழுங்குவிதி மட்டுமன்று. நம் முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லத் துணிவு தருவதே அந்தப் பிரிவினைதான்.

அடுத்து, அது ஒரு சுற்றுப்பாதை என்பது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடலாம். மறுமுனையில் நம்மை அழைத்துச் செல்ல வேறொருவர் காத்திருக்க வேண்டியதில்லை. பிரிந்து போனவர்களும் கடைசியில் ஒரே இடத்தில் கூடிவிடலாம். ஆனால் சுற்றுப்பாதைக்கென்று ஒரு கணக்கும் உண்டு. பாதித் தொலைவைக் கடந்துவிட்டால், திரும்பி நடப்பதைக் காட்டிலும் முன்னே நடப்பதுதான் அருகு. எனவே களைப்பையும் மூட்டு வலியையும் மூன்றில் ஒரு பங்கு தொலைவிலேயே நின்று, ஒருவரையொருவர் கேட்டு, முடிவுசெய்துகொள்ள வேண்டும். "இன்னும் கொஞ்சம்தான், வாங்க" என்று முதியவர்களை இழுத்துக்கொண்டு போவது அன்பு ஆகாது.

தொடக்கப் பாதை தாழ்ந்த பாதை அன்று

மலைச் சைக்கிள் பாதைகளைக் குறிக்கப் பல நாடுகளில் ஒரே வகை அடையாளங்கள் வழங்குகின்றன. பச்சை வட்டம் எளிய பாதை. நீலச் சதுரம் நடுத்தரமானது. கறுப்பு வைரம் கடினமானது. நம் ஆண்களில் பலருக்குப் பச்சை வட்டம் என்றாலே ஓர் அலட்சியம் இருக்கிறது. இரண்டு முறை ஓட்டிப் பழகிவிட்டு, மூன்றாம் முறை கறுப்பு வைரத்துக்குத் தாவிவிட வேண்டும் என்ற துடிப்பு. அவர்களைப் பொறுத்தவரை எளிய பாதை ஏறிக் கடந்துவிட வேண்டிய ஒரு படி மட்டுமே.

எங்கள் கருத்து வேறு. ஒரு குடும்பத்துக்கு எளிய பாதைதான் இறுதிப் பாதை. எழுபது வயதும் நான்கு வயதும் சேர்ந்து செல்லக்கூடிய பாதை அது ஒன்றுதான். கடினமான பாதைகள் ஒவ்வொன்றும் குடும்பத்திலிருந்து சிலரைக் கழித்துவிடுகின்றன. முதலில் முதியவர்கள், பிறகு கைக்குழந்தை உள்ள தாய்மார்கள், பிறகு பெண்பிள்ளைகள் எனக் கழிந்து, கடைசியில் மிஞ்சுபவர்கள் நான்கு நண்பர்கள். நண்பர்களோடு செல்வது தவறு இல்லை. ஆனால் அதைக் குடும்பத்தோடு செலவிட்ட நாள் என்று கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது.

எளிய பாதை என்றால் அக்கறையின்றி அமைக்கப்பட்டது என்பதும் அன்று. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இந்த மண்ணில், நேராக மேலேறும் பாதை சில மாதங்களில் ஓடையாகிவிடும். அதனால்தான் நல்ல காட்டுப் பாதைகள் சரிவை ஒட்டி வளைந்து வளைந்து செல்கின்றன. ஏற்றத்தின் நடுவே சிறு இறக்கங்கள் வைக்கப்படுகின்றன. பாதையின் வெளி ஓரம் சற்றே தாழ்த்தப்படுகிறது. நீர் தேங்காமல் வழிந்து போவதற்கான வேலைப்பாடு அது. அதே வேலைப்பாடுதான் முதியவரின் மூச்சுக்கும் முழங்காலுக்கும் உதவுகிறது.

பறிபோகும் சைக்கிள்

இனி, இக்கட்டுரையின் மையமான செய்திக்கு வருகிறோம். நம் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கும் சைக்கிள் வாங்கித் தருகிறோம். ஆறு வயதில் கூடை வைத்த சிறு சைக்கிள். எட்டு வயதில் புளோக்கின் கீழ்த்தளத்தைச் சுற்றி ஓட்டம். பத்து வயதில் பூங்கா இணைப்புப் பாதையில் தந்தையோடு ஒரு சுற்று. பதினொன்றோ பன்னிரண்டோ ஆனதும் சைக்கிள் வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது. சக்கரத்தில் காற்று இறங்குகிறது. யாரும் தடை விதிப்பதில்லை. "இனி எதற்கு?" என்ற ஒரு சொல் போதுமானதாக இருக்கிறது. பிறகு அந்தச் சைக்கிள் தம்பிக்குப் போகிறது.

இப்படி நின்றுபோன அசைவு அவளது வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது. ஓடுவது நிற்கிறது, நீந்துவது நிற்கிறது, படிப்பும் வேலையும் குழந்தைகளும் வருகின்றன. நாற்பதை எட்டும்போது பலதுறை மருந்தகத்தில், "நடந்து பழகுங்கள்" என்று ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. பழக்கம் இருந்தது, நாம்தான் அதை நிறுத்தினோம் என்பது அந்த மருத்துவருக்குத் தெரியாது.

இந்நாட்டில் 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் தொடுப்பதாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. இங்கே இந்தியர்களிடையே நீரிழிவு பரவலாக உள்ளது என்பதும் நாம் அறிந்ததே. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும், பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்கள் ஓடியாட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. அதில் ஆண்களுக்கு ஓர் அளவு, பெண்களுக்கு ஓர் அளவு என்று இல்லை.

"நம் சமூகத்துப் பெண்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை" என்று சொல்பவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறோம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் அளித்தார். வயலில் வேலை செய்தவர்களும் கல்குவாரியில் உழைத்தவர்களுமாகப் பல்லாயிரம் கிராமப்புறப் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள் என்பதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். கேலிப் பேச்சுகள் எழுந்தன, அவர்கள் இறங்கவில்லை. நம் மூன்று தாய்மார்களில் ஒருவர் திருமணமாகித் தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்தவர். பதினொன்றாம் வகுப்பில் அரசு தந்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குச் சென்றவர். அவரை வாகன நிறுத்துமிடத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் நாங்கள் ஓட்டப் போனோம். "உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?" என்று கேட்கக்கூட எவருக்கும் தோன்றவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தியை நாம் அனைவரும் அறிவோம். மணமேடைகளில் அதை மகிழ்ச்சியோடு எடுத்துச் சொல்கிறோம். சொல்லி முடித்ததும் மணமகளை உட்கார வைத்துவிடுகிறோம்.

தயக்கங்களும் பதில்களும்

முதல் தயக்கம் உடை. இது நியாயமான கேள்வி, பதிலும் எளிது. தரையைத் தொடும் அபாயா சைக்கிளுக்கு ஆபத்தானது. சங்கிலியிலோ பின்சக்கரத்திலோ துணி சிக்கினால் விழுவது உறுதி. முழங்கால் வரை தொங்கும் தளர்ந்த மேற்சட்டை, அகலம் குறைந்த கால்சட்டை, கணுக்காலில் ஒரு பட்டை ஆகியவை போதும். முக்காட்டை மெல்லிய பருத்தித் துணியில் ஒட்டக் கட்டி, முனைகளைச் சட்டைக்குள் செருகிவிட வேண்டும். தலைக்கவசத்தின் அடியில் ஊசி குத்தியிருக்கக் கூடாது. கவசம் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில், நெற்றியை மூடி அமர வேண்டும். உடலை மறைக்கும் ஒழுக்கமும் பாதுகாப்பும் இங்கே ஒன்றுக்கொன்று பகையல்ல.

இரண்டாவது, அந்நியர் நடமாடும் இடமாயிற்றே என்பது. சந்தைக்கும் எம்ஆர்டி ரயிலுக்கும் அலுவலகத்துக்கும் இல்லாத இந்தத் தடை, காட்டுப் பாதைக்கு மட்டும் எப்படி முளைத்தது? குடும்பத்தோடு செல்லும் காலைப் பொழுதைவிடப் பாதுகாப்பான சூழல் வேறு எது?

மூன்றாவது, பெண்பிள்ளை விழுந்து அடிபட்டுவிட்டால் என்ற அச்சம். இதன் அடியில் இன்னோர் அச்சம் ஒளிந்திருப்பதையும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். முகத்திலோ கையிலோ தழும்பு ஏற்பட்டால் நாளை வரன் பார்க்கும்போது கேட்பார்களே என்பதுதான் அது. மகனின் முழங்கால் தழும்பு வீரக்கதையாகவும் மகளின் தழும்பு குறையாகவும் ஆகும் கணக்கை நாம்தான் எழுதினோம், நாமே திருத்திவிடலாம். விழாமல் பழகுவதற்கு வழிகளும் உண்டு. செஸ்ட்நட் பூங்காவிலேயே பம்ப் டிராக் எனப்படும் பயிற்சித் தடம் இருக்கிறது. அலை அலையாக மேடும் பள்ளமுமாய் அமைந்த சிறிய தடம் அது. மிதிக்காமலே, உடலை ஏற்றி இறக்கி வேகம் எடுக்கப் பழகலாம். இறக்கத்தில் இருக்கையிலிருந்து எழுந்து, இரு மிதிகளையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, உடலைச் சற்றே பின்னுக்குச் சாய்க்க வேண்டும். இரண்டு பிரேக்குகளையும் மெதுவாக, ஒருசேரப் பிடிக்க வேண்டும். முன்பிரேக்கை மட்டும் திடீரென்று அழுத்தினால் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்படுவோம். கண்கள் பார்க்கும் இடத்துக்கே சைக்கிள் போகும் என்பதால், கல்லைப் பார்க்காமல் கல்லைக் கடக்கும் வழியைப் பார்க்கப் பழக வேண்டும்.

நான்காவது, நேரம். சனி, ஞாயிறு காலைகளில் பிள்ளைகளுக்கு மதரஸா வகுப்பு, துணைப்பாட வகுப்பு என்று நெருக்கடி இருப்பது உண்மை. வாரந்தோறும் முடியாது. மாதத்தில் ஒரு காலைப் பொழுது முடியும். இந்நாட்டில் சூரிய உதயம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணியை ஒட்டியே இருக்கிறது. சுபுஹுத் தொழுகைக்குப் பின் புறப்பட்டு, வெளிச்சம் வந்ததும் நடக்கத் தொடங்கினால், வெயில் ஏறுமுன் சுற்று முடிந்துவிடும். லுஹருக்கு வீட்டில் இருக்கலாம். மாலையில் சென்றால் பிற்பகல் இடிமழையும் மஃரிப் நேரமும் நெருக்கும். ஆண்டில் 150க்கும் மேற்பட்ட நாட்களில் இடி முழங்கும் தீவு இது. இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் பாதையை விட்டு வெளியேறி, கட்டடத்துக்கோ வாகனத்துக்கோ சென்றுவிட வேண்டும்.

பிரியாணிச் சட்டியை வீட்டில் விடுவோம்

இவையெல்லாம் சொன்ன பிறகும் ஒரு தடை மிஞ்சுகிறது. அதைப் பெண்கள் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். வெளியே போகும் நாளன்று அவர்கள் அதிகாலை நான்கு மணிக்கே எழுந்துவிடுகிறார்கள். பதினான்கு பேருக்குப் பிரியாணி, தாளிச்சா, பிள்ளைகளுக்குத் தனியாக ஏதேனும், தேநீர், தட்டுகள், சஹன், துடைக்கத் துணி. காட்டை அடையும்போதே அவர்களின் ஒரு நாள் உழைப்பு முடிந்திருக்கிறது. அதன்பின் "நீங்களும் நடக்க வாங்களேன்" என்று அழைப்பது பெயரளவு அழைப்பு. அடுப்பங்கரையை இடம் மாற்றி வைத்துவிட்டு அதை உல்லாசப் பயணம் என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாம் முறை நாங்கள் வேறு ஏற்பாடு செய்தோம். அவித்த முட்டை, ரொட்டி, வாழைப்பழம், பேரீச்சம்பழம். முந்தைய இரவே ஆண்கள் பொட்டலம் கட்டினார்கள். ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு சிறிய பை. அவரவர் தண்ணீர் அவரவரிடம், மணிக்கு அரை லிட்டர் என்ற கணக்கில். பாயும் இல்லை, தூக்கும் இல்லை. முட்டை ஒன்று வேகாமல் இருந்தது என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

தெற்குச் சுற்றின் நடைபாதையில் முதலில் தந்தையர் குழந்தைகளோடும் நன்னிமாவோடும் நடந்தனர். நன்னிமாவுக்கு ஓர் ஊன்றுகோல், நினைத்தபோதெல்லாம் ஓய்வு. சுமார் இரண்டு கிலோமீட்டரைக் கடக்க ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. யாருக்கும் அவசரம் இல்லை. வழியில் ஒரு மரத்தடியில் அவர் நின்றுவிட்டார். "இது ரப்பர் மரம்" என்றார். இந்தக் காடு ஒரு காலத்தில் தோட்டங்களும் கம்போங்குகளும் இருந்த நிலம். மனிதர் விட்டுச் சென்றபின் காடு திரும்பி எழுந்திருக்கிறது. பழைய மரங்கள் இடையிடையே நிற்கின்றன. நன்னிமா, ஜொகூரில் ஒரு தோட்டத்தை ஒட்டி மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள். ஒரே காம்பில் மூன்று இலை நிற்பதைக் காட்டினார். முற்றிய காய் வெயிலில் படீரென்று வெடித்து விதையைத் தூர எறியும் என்றார். இருட்டோடு எழுந்து பால் வெட்டப் போகும் பெண்கள் தம் தந்தையின் கடையில் கடனுக்கு அரிசி வாங்கிய கதையைச் சொன்னார். இவை எதுவும் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. அவருடைய மகனுக்குமே பாதி தெரியாது. முதல் முறை அவரை வாகன நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டுச் சென்றபோது நாங்கள் எதை விட்டுச் சென்றோம் என்பது அப்போதுதான் புரிந்தது.

அதே நேரத்தில் தாய்மார்களில் இருவர் அந்தப் பெண்பிள்ளையோடு பம்ப் டிராக்கில் இருந்தனர். விலையில்லா மிதிவண்டியில் பள்ளி சென்றவர் பத்து நிமிடத்தில் பழைய சமநிலையைப் பிடித்துவிட்டார். பெண்பிள்ளை இரண்டாம் சுற்றிலேயே விழுந்தாள். முழங்கை சிராய்த்து இரத்தம் கசிந்தது. "போதும், வா" என்று அவளுடைய உம்மா கையைப் பிடித்தார். அவள் கையை விடுவித்துக்கொண்டு, தண்ணீரால் காயத்தைக் கழுவிவிட்டு, மறுபடி ஏறினாள். நீரிழிவு கண்ட தாய், நடைபாதைச் சுற்றை முடித்துவிட்டு, இன்னொரு முறை போகலாமா என்று கேட்டார்.

செல்வோர் கவனத்துக்கு

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. சட்டைப் பையில் இனிப்பு ஏதேனும் இருக்க வேண்டும். புதுக் காலணி அணிந்து முதல்முறையாகக் காட்டுக்கு வராதீர்கள். திரும்பி வந்ததும் பாதங்களில் கொப்புளமோ கீறலோ உண்டா எனப் பார்த்துவிடுங்கள்.

குரங்குகள் வரும். அவற்றுக்கு உணவு கொடுப்பது இரக்கம் அன்று. மனிதர் கையை நம்பிப் பழகிய குரங்கு பிறகு குழந்தையின் கையைப் பறிக்கும். காட்டுயிர்களுக்கு உணவளிப்பது இங்கே சட்டப்படி குற்றமுமாகும். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். உணவைப் பையை விட்டு வெளியே எடுக்காமல் நடங்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். பாதையை விட்டு விலகாதீர்கள், விதையோ பூவோ எதையும் எடுத்து வராதீர்கள், குப்பையை மட்டும் எடுத்து வாருங்கள்.

மலைச் சைக்கிளுக்காகப் பெரும் பணம் செலவிட வேண்டியதில்லை. முன்சக்கரத்தில் மட்டும் அதிர்வுதாங்கி உள்ள எளிய சைக்கிள் தொடக்கநிலைப் பாதைக்குத் தாராளம். அளவு சரியாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். அண்ணனின் பழைய சைக்கிளில் கால் எட்டாமல் தங்கையை ஏற்றிவிட்டு, அவளுக்கு ஓட்ட வரவில்லை என்று முடிவு கட்டுவது நியாயமாகாது.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்

சகோதரர்களே, அடுத்த முறை சைக்கிளை வாகனத்தில் ஏற்றும்போது வீட்டுப் பெண்களிடம் "வருகிறீர்களா?" என்று கேட்டுவிட்டு நிற்காதீர்கள். அவர்கள் வரக்கூடிய பாதை எது, அவர்கள் வரக்கூடிய நேரம் எது, அவர்கள் வருவதற்காக எந்த வேலையை நீங்கள் செய்து முடித்திருக்கிறீர்கள் என்பவற்றைச் சொல்லி அழையுங்கள். சகோதரிகளே, "நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் சாமான்களைப் பார்த்துக்கொள்கிறேன்" என்ற சொல் இனி உங்கள் வாயில் வர வேண்டாம். பள்ளிவாசல்களிலும் சங்கங்களிலும் குடும்ப நாள் ஏற்பாடு செய்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருமுறை அரங்கில் நாற்காலிகளைப் போட்டு உணவு பரிமாறுவதோடு நிறுத்தாமல், மாதம் ஒரு காலை நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீரிழிவு கண்ட அந்தத் தாய் இப்போது வாரத்தில் நான்கு நாட்கள் வீட்டருகே நடக்கிறார். மாதத்தில் ஒரு நாள் காட்டில் நடக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், கடைசி இரண்டு பரிசோதனைகளிலும் சர்க்கரை அளவு குறைந்திருக்கிறது. பெண்பிள்ளை நான்காம் முறை சென்றபோது தெற்குச் சைக்கிள் சுற்றை முழுவதும் ஓட்டி முடித்தாள். அவளுடைய வாப்பா பின்னால் ஓட்டிச் சென்றார். இரண்டு இடங்களில் அவர்தான் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ள வேண்டியிருந்தது.

நாங்கள் கிளம்பும் நாட்களில் காவல் காப்பதற்கு இப்போது ஒன்றுமே இருப்பதில்லை. இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மீண்டும் செல்கிறோம். முட்டையை இம்முறை நன்றாக வேகவைத்துவிடுவதாக ஆண்கள் உறுதி அளித்திருக்கிறார்கள்.